உயர்வலிமைக் கான்கிரீட் ‘பைல்’: தூணா, முளையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டடத் தொழிலாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கட்டடப் பாரத்தைத் தாங்க, ஆழமான அடித்தளமாக மண்ணுக்குள் இறக்கும் நீண்ட உயர்வலிமைக் கான்கிரீட் பைல்களுக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. ஆங்கிலத்தில் குவியலும் ‘பைல்’தான் என்பதால், மொழிபெயர்ப்பு எந்திரத்திடம் கொடுத்தால் ‘கான்கிரீட் குவியல்கள்’ என்கிறது. லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி! இப்போதைக்கு ‘உயர்வலுக் கற்காரைத் தூண்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

———

> உயர்வலுக் கற்காரைத் தூண்

‘வலு’ வேண்டாம் தங்கச்சி. எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துப் பௌதிகவியலில் வலு என்றால் வாற்றில் (வாட்) அளக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அதற்குத் ‘திறன்’ என்று பெயர். ‘உயர்வலிமை’ என்று எழுதினால் இரண்டு கரையிலும் பிசகில்லை. பைலுக்கு ‘முளை’ இருக்கிறதே. ஆடு மாடு கட்ட அடிக்கிற அதே முளைதான்.

———

> ஆடு மாடு கட்ட அடிக்கிற அதே முளைதான்.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன முளைக்கே என் ஓட்டும். மலேசியாவில் கிள்ளான் பக்கம் பல வருடம் பைலிங் வேலையில் இருந்தவன் நான். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘தூண்’ என்று எழுதினால் முதலில் வரைபடத்திலேயே குழப்பம் வரும். கட்டடத்தின் தூண் சுமையைப் பைல் கேப்பில், அதாவது பைல்களின் தலைகளைச் சேர்த்துக் கட்டும் கான்கிரீட் பாளத்தில், இறக்குகிறது. அங்கிருந்து அது நான்கோ ஆறோ பைல்களுக்குப் பிரிகிறது. இரண்டும் தூண் என்றால் ‘ஒவ்வொரு தூணுக்கும் கீழே நான்கு தூண்’ என்று எழுத வேண்டியதுதான். வேலை செய்யும் விதமும் வேறு. தூண் தலையில் வாங்கியதைக் காலில் இறக்கிவிடும். பைல் உடம்பு முழுக்க மண்ணைக் கவ்விக்கொண்டு நிற்கும்; முனையில் கெட்டித் தரை அகப்பட்டால் அங்கேயும் தாங்கும். கிள்ளான் கரையோரத்தில் சதசதவென்ற கடற்களிமண் இருபது மீட்டருக்கு மேலும் போகிற இடங்கள் உண்டு. மேலே மண் கொட்டி மேடாக்கினால் அந்தப் பாரத்தில் களிமண் அமுங்கும். அமுங்கும்போது, தாங்கவேண்டிய மண்ணே பைலைப் பிடித்துக் கீழே இழுக்கும். இந்த உராய்வுச் சங்கதி எதுவும் ‘தூண்’ என்ற சொல்லுக்குள் இல்லை. முளையில் இருக்கிறது: மாடு எவ்வளவு திமிறினாலும் முளையை விடாமல் பிடித்திருப்பது சுற்றியுள்ள மண்தானே?

மாட்டுத்தொழுவச் சொல் பொறியியலுக்கு ஆகுமா என்று யாராவது கேட்பார்கள். ஜப்பான்காரர்களைப் பாருங்கள். இந்தப் பைலை ஆலைப் பொருளாக்கியதில் அவர்கள் முன்னோடிகள். 1982-லேயே அதற்குத் தனித் தரநிலை போட்டுவிட்டார்கள். அவர்கள் அதற்குச் சொல்வது ‘குயி’. வேலியோரம் அடிக்கிற மரக்குச்சியும் குயிதான். ‘துருத்திக்கொண்டிருக்கும் குயிக்கு அடி விழும்’ என்று பழமொழியே இருக்கிறது.

அடுத்து அடைமொழி. ‘உயர்வலிமை’ என்பது சதுர மில்லிமீட்டருக்கு 80 நியூட்டன் அமுக்கத்தைத் தாங்குவது. சாதாரண வீட்டுத் தளத்துக்கு 20, 25 போதும். ஆனால் சைட்டில் யாரும் வலிமையைச் சொல்லி இதைக் கூப்பிடுவதில்லை. இங்கே எல்லார் வாயிலும் ‘ஸ்பன் பைல்’தான். அது செய்முறையிலிருந்து வந்த பெயர்; ஸ்பன் என்றால் சுழற்றியது. எஃகு அச்சுக்குள் கம்பிக்கூட்டை வைத்து, கலவையைப் போட்டு மூடி, கம்பிகளை இழுத்துப் பூட்டுவார்கள். அச்சை உருளைகள்மேல் கிடத்திச் சுழற்றினால் கலவை சுவரோடு அப்பி இறுகும். வேண்டாத தண்ணீர் பிழிந்துகொண்டு நடுவுக்கு வரும். அதை வடித்துவிட்டால் மிச்சம் இருப்பது நடுவில் புழை உள்ள நீண்ட குழாய். அச்சோடு ஆவியில் வேகவைத்து, கழற்றி, மறுபடி ஏறக்குறைய 180 டிகிரியில், பத்து வளிமண்டல அழுத்தத்தில் வைப்பார்கள். முதலில் இட்லிப் பானை, அப்புறம் குக்கர். தண்ணீர் ஊற்றி 28 நாள் காத்திருக்கிற வேலை ஓரிரு நாளில் முடிந்துபோகும். குக்கர் இல்லாமலே 80-ஐ எட்டுகிற ஆலைகளும் இருக்கின்றன.

ஆகையால் ‘சுழல்வார்ப்பு முளை’ என்பது என் பரிந்துரை. தரநிலையின் முழுப்பெயர் வரும் இடத்தில் மட்டும் ‘முன்தகைவு உயர்வலிமைக் கான்கிரீட் சுழல்வார்ப்பு முளை’ என்று ஒருமுறை எழுதிவிடலாம். (முன்தகைவு என்பது கம்பிகளை முன்கூட்டியே இழுத்துப் பூட்டுவது. இலங்கைக்கு ‘முன்தகைப்பு’. தகைவு, தகைப்பு சண்டையை இந்த இழையில் தொடங்கவேண்டாம்!) கற்காரை அழகான சொல்தான், ஆனால் படிக்கப்போவது கலவை போடுகிறவர். கான்கிரீட்டே இருக்கட்டும்.

ஒரு சொல் தேறுமா என்று பார்க்க அதன் பிள்ளைகுட்டிகளைப் பார்க்கவேண்டும். முளை அடித்தல், முளைக்கூட்டம், சோதனை முளை எல்லாம் தானாக வருகின்றன. ஊருக்குள் சத்தம் கூடாதென்று ஹைட்ராலிக் எந்திரத்தால் அமுக்கி இறக்குவதற்கு ‘முளை அழுத்துதல்’. இடிக்கிற ஒரே இடம், துளை போட்டு அங்கேயே வார்ப்பது. அடிக்காததை முளை என்பதா? இந்தியத் தரநிலை 2911-இன் முதற்பகுதி, அடித்து அங்கேயே வார்ப்பது, துளைத்து அங்கேயே வார்ப்பது, முன்வார்ப்பை அடிப்பது, போட்ட துளையில் முன்வார்ப்பை இறக்குவது என நான்கு பிரிவாகப் பேசுகிறது. பொதுப்பெயர் என்னவோ பைல்தான். ஆங்கிலத்துக்குக் கொடுக்கிற சலுகையைத் தமிழுக்கும் கொடுப்போம், ‘துளைவார்ப்பு முளை’ என்று.

இனி என் பங்குக்கு ஒரு கேள்வி. முதல் சைட்டில் எனக்குக் கிடைத்தது பென்சில் பிடிக்கிற உத்தியோகம். பைல் இனி இறங்காது என்கிற நேரத்தில் அதன் மேனியில் கட்டத்தாளை ஒட்டுவோம். குறுக்கே ஒரு பலகை. அதன்மேல் பென்சிலை ஊன்றி அசையாமல் பிடிக்கவேண்டும். மேலே டீசல் சம்மட்டி எண்ணெயைத் துப்பிக்கொண்டு விழ விழ, தாளில் கோடு இ.சி.ஜி. மாதிரி துள்ளித் துள்ளி ஏறும். கடைசிப் பத்து அடிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது, அடிக்கு அடி எவ்வளவு எம்பியது, இரண்டும் அதில் இருக்கும். இறங்கிய அளவை ‘செட்’ என்பார்கள். நான் ‘அடியிறக்கம்’ என்று எழுதி வருகிறேன். ‘அடி’ அளவையும் குறிக்கும், அடிப்பாகத்தையும் குறிக்கும் என்பதால் மனசு முழுதாக ஒப்பவில்லை. வேறு தோன்றினால் சொல்லுங்கள்.

———

அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. இயல் முழுக்க ‘முளை’ என்று மாற்றிவிட்டு, சரியாக ஓடுகிறதா என்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “உயர்வலிமை முளை” என்றதும், “என்ன, பச்சைப்பயறா?” என்றார். அதனால் இயலின் தொடக்கத்தில் ஒருமுறை ‘அடித்தள முளை’. பிறகு வெறும் முளை.

‘சம்மட்டியிறக்கம்’ எப்படி? நீளம்தான், ஆனால் குழப்பம் வராது. பைல் கேப்புக்கு ‘முளைத்தொப்பி’ என்று எழுதிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அதை மட்டும் பைல் கேப் என்றே விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது வேறு கொடுத்தால் மாற்றிவிடுவேன், அச்சுக்குப் போகிறது.