பழைய அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) ஷெட்டை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடலாமா?

தக்கலைக்காரன்:
கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் அப்பா விட்டுப்போன 12 சென்ட், அதில் 2,400 சதுர அடியில் ஒரு பழைய அண்டி ஆபீஸ் ஷெட். வேலை நின்று ஆறு வருஷம் ஆகிறது. ஒருத்தர் ரப்பர் ஷீட் அடுக்க மொத்தமாகக் கேட்கிறார். எனக்கோ பத்துக்குப் பத்து அறைகளாகத் தடுத்து, வீட்டுச் சாமான் வைக்க மாச வாடகைக்கு விடலாம் என்று ஆசை. கல்ஃபுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் எல்லாம் கட்டில் பீரோவைச் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டு அவஸ்தைப்படுகிறார்கள். லோன் எடுத்து இறங்கலாமா?

மார்த்தாண்டம் பழைய ஆள்:
தம்பி, செய்து பட்டவன் சொல்கிறேன், முதலில் தரையைப் பாருங்கள். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, சுவர் காய நேரமே கிடையாது. நான் மூன்று அறை விட்டிருந்தேன். ஒரு ஆவணியில் ஒரு வீட்டுக்காரர் சோபாவை எடுக்க வந்தார், பின்பக்கம் தொட்டால் கையில் பச்சைப் பொடியாக ஒட்டுகிறது, சுவரோடு சாய்த்து வைத்த மெத்தையில் கறையான் மண் கோடு ஏறியிருக்கிறது. வாங்கின வாடகை முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம்தான் தரையை ஒன்றரை அடி உயர்த்தி, கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பிளாஸ்டிக் ஷீட் விரித்து, கூரையை ஒட்டி வலை போட்ட காற்றுத் துளை வைத்தேன். சாமான் எல்லாம் பலகை மேலே, சுவரிலிருந்து அரை அடி தள்ளி. இன்னொன்று, ரப்பரையும் வீட்டுச் சாமானையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். ஷீட்டோடு ஒரு மூட்டை ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) வந்தால் போதும், அந்த நாற்றம் துணியை விட்டுப் போகவே போகாது.

நாகர்கோவில் கணக்கர்:
2,400 அடியும் வாடகை தராது. நடைபாதைக்கும் சாமான் இறக்கவும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், மிச்சம் 16 அறை. அதில் எட்டு காலியாகக் கிடந்தாலும் தவணை கட்ட முடியும் என்றால் மட்டும் லோனுக்குப் போங்கள். வேளாண் உள்கட்டமைப்பு நிதி என்று 2020-ல் வந்த திட்டத்தில் 2 கோடி வரை கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை அறிவித்தார்கள், ஆனால் அது விளைபொருள் கிடங்குக்கு, கட்டில் பீரோவுக்குக் கிடைக்காது. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம். ஒப்பந்தம் மட்டும் வாய்ப்பேச்சாக இருக்கவே கூடாது. 2017 வாடகைச் சட்டப்படி எழுதிப் பதிய வேண்டும். பட்டாசு, மண்ணெண்ணெய், கேஸ் சிலிண்டர் வைக்கக் கூடாது என்றும், வாடகை நின்றால் எத்தனை நாள் கழித்து என்ன செய்வீர்கள் என்றும் அதிலேயே எழுதுங்கள்.

குளச்சல் அக்கா:
நான் வாடகைக்கு எடுக்கிற பக்கம் இருப்பவள். துபாய் போகும்போது எனக்கு வேண்டியது மூன்றுதான்: என் பூட்டு என் சாவி, ஞாயிற்றுக்கிழமையும் திறந்து பார்க்க அனுமதி, டெம்போ வாசல் வரை வரும் ரோடு. முக்கியமாக அந்த ரோடு. இரண்டு பேர் பீரோவைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடக்கிற இடம் என்றால் எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

தக்கலைக்காரன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டெம்போ வாசல் வரை வரும் அக்கா. லோன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ரப்பர்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, முன்பாதியை ஒரு பந்தல்காரருக்கு நாற்காலி அடுக்கக் கொடுக்கிறேன், அந்த வாடகையில் பின்னால் நாலு அறை மட்டும் இந்த மழைக்கு முன்னால். அண்ணாச்சி, தரைக்கு அடியில் போட்ட அந்த பிளாஸ்டிக் ஷீட் எங்கே வாங்கினீர்கள்?