பேரோ டாக்கில் நம்ம விராட்

அருண்: பிரெஸ்டனில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. பேரோ-இன்-ஃபர்னஸ், வானத்திலிருந்து எடுத்த படம். தேதி போடவில்லை.
[படம்]

கீதா சித்தி: விசாகப்பட்டினம் மாதிரி இருக்கிறதே?

அருண்: இல்லை சித்தி, இங்கிலாந்தின் வடமேற்குக் கரை. விக்கர்ஸ் கம்பெனி கப்பல் கட்டிய ஊர். நீளமாகத் தெரிகிற தண்ணீர்தான் டெவன்ஷயர் டாக், கப்பல் நிறுத்துகிற துறை.

அகிலா: அந்தக் காலத்தில் ட்ரோன் ஏது?

அருண்: சின்ன விமானத்தில் போய் எடுப்பார்கள். ஏரோஃபிலிம்ஸ் என்ற கம்பெனி 1919-லேயே இதைத் தொழிலாகத் தொடங்கிவிட்டது.

முருகன் பெரியப்பா: அருண், கிரேனுக்குப் பக்கத்தில் நிற்கிற பெரிய கப்பலை மட்டும் வெட்டிப் போடு.

அருண்:
[படம்]

முருகன் பெரியப்பா: இடது பக்கம் பார். தளம் வெளியே பிதுங்கி நிற்கிறதா? விமானம் ஏற்றுகிற லிஃப்ட் ஒன்று அந்த ஓரத்தில்தான் இருக்கும். அதில் நான் எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கிறேன்! இது நம்ம கடற்படையில் இருந்த விமானந்தாங்கிக் கப்பல் விராட்.

கீதா சித்தி: நிஜமாகவா அத்தான்?

முருகன் பெரியப்பா: அப்போது பிரிட்டிஷ் கப்பல், பெயர் ஹெர்மிஸ். 1944 ஜூனில் கட்ட ஆரம்பித்தார்கள். சண்டை முடிந்ததும் வேலை இழுத்துக்கொண்டே போய், 1953 பிப்ரவரியில்தான் தண்ணீரில் இறக்கினார்கள். சர்ச்சிலின் மனைவி வந்து இறக்கிவைத்தார். அப்புறமும் ஆறு வருடம் இழுத்து, 1959 நவம்பரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. நிச்சயம் பண்ணிப் பதினைந்து வருடம் கழித்துத் தாலி கட்டின கதை.

அகிலா: அப்போ படம் 1953-க்கும் 59-க்கும் நடுவில்?

முருகன் பெரியப்பா: ஆமாம். மூக்கில் மேடு இல்லை பார். ஹாரியர் போர் விமானம் ஓடி எழும்புகிற அந்த மேட்டை 1982 ஃபாக்லாந்து சண்டைக்குக் கொஞ்சம் முன்னால்தான் வைத்தார்கள்.

அருண்: டாக்கில் ஒரு பகுதியை மணல் கொட்டித் தூர்த்துவிட்டார்கள் பெரியப்பா. அதன் மேல் நீர்மூழ்கி கட்ட ஒரு கொட்டகை, 51 மீட்டர் உயரம். 1986-இல் முடித்தது. இனி விமானத்தில் போய் எடுத்தாலும் கூரைதான் தெரியும்.

கீதா சித்தி: விராட் இப்போ எங்கே?

முருகன் பெரியப்பா: 2017 மார்ச்சில் ஓய்வு. 2020 செப்டம்பரில் உடைக்க குஜராத்தில் இருக்கிற ஆலங்குக்கு இழுத்துப் போனார்கள். டிவியில் காட்டினான், சேனலை மாற்றிவிட்டேன்.

அருண்: இங்கே வால்னி தீவில் மிகாசா தெரு என்று இருக்கிறது. மிகாசா, 1900-இல் இதே ஊரில் இறக்கிய ஜப்பான் போர்க்கப்பல். அதை யோகோசுகாவில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

முருகன் பெரியப்பா: தெரியும். வயிற்றெரிச்சலைக் கிளப்பாதே. வரும்போது படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டு வா.

பெரியம்மா: காலண்டர் ஆணியில் கை வைக்கக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.