மறு: ‘ஸ்வர்ல் மார்க்’: சுழல்கீறலா, துடைகீறலா?

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

புதுப்பித்த பழங்கார்களின் பராமரிப்புக் கையேட்டுக்குச் சொற்களைத் தொகுத்துவருகிறேன். ‘ஸ்வர்ல் மார்க்’ என்பதற்குச் சென்ற மடலில் முன்மொழியப்பட்ட ‘சுழல்கீறல்’ என்னும் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. கறுப்புக் காரின் பானட்டை வெயிலிலோ விளக்கடியிலோ பார்க்கும்போது, ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்திவலை போல வட்டவட்டமாகத் தெரியும் மெல்லிய கோடுகளையே அது குறிக்கிறது. ஆனால் அந்தக் கீறல்கள் பெரும்பாலும் வட்டமானவை அல்ல. பல திசைகளிலும் தாறுமாறாகக் கிடப்பவை. அவற்றுள் ஒளிப்புள்ளியைச் சுற்றிய வட்டத்துக்குத் தொடுகோடாக அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால், மற்றவை மறைந்து, வட்டங்கள் இருப்பதாகத் தோற்றம் உண்டாகிறது. விளக்கை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். உண்மையான வட்டக் கீறலானால் இருந்த இடத்திலேயே அல்லவா இருக்கும்?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ‘சுழல்கீறல்’ என்று படிப்பவர், துணியை வட்டமாகச் சுழற்றியதால் வந்த குறை என்று கருதி, நேர்க்கோட்டில் துடைத்தால் தப்பிவிடலாம் என நம்பக்கூடும். கீறுவது கையின் போக்கு அன்று. துணிக்கும் வண்ணப்பூச்சுக்கும் இடையே அகப்பட்ட துகள். மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸின் கடினம், கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 7. அதற்கு எந்தக் கார்ப் பூச்சும் ஈடுகொடுக்காது. காய்ந்த தூசியை உலர்ந்த துணியால் துடைப்பதும், தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் பயன்படுத்துவதும், அழுக்கேறிய அதே வாளி நீரில் பஞ்சை முக்கி முக்கித் தேய்ப்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முதலில் நீரைப் பாய்ச்சித் துகளைத் தளர்த்தி வழியவிட்டு, நுரைநீருக்கு ஒரு வாளியும் கழுவும் கையுறையை அலச இன்னொரு வாளியுமாக வைத்துக்கொண்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவி, கடைசியில் தேய்க்காமல் ஒற்றி உலர்த்துவதன் நோக்கம் முழுவதும் அந்தத் துகளை இழுபடாமல் காப்பதே.

ஆகவே, தோற்றத்தை விட்டுக் காரணத்தைச் சுட்டும் ‘துடைகீறல்’ என்ற வினைத்தொகையைப் பரிந்துரைக்கிறேன். குழுவினர் கருத்தை அறிய விழைகிறேன்.

அன்புடன்,
கையேட்டுத் தொகுப்பாளர்

———

ஐயா, வணக்கம்.

சுழலுக்கு எதிரான தங்கள் வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். விளக்கை நகர்த்தும் சோதனையை என் காரிலேயே செய்து பார்த்து, தெளிவும் வருத்தமும் ஒருசேரப் பெற்றேன். ஆனால் ‘துடை’ என்பதற்குத் தொடை என்ற பொருளும் உண்டு என்பதைத் தாங்கள் மறந்துவிட்டீர்கள். பொருளடக்கத்தில் ‘துடைகீறல்’ என்று கண்டவர் அதை முதலுதவிக் குறிப்பு என்று எண்ணினால் அவரைக் குறைசொல்ல முடியாது.

‘இழைக்கீறல்’ என்றால் என்ன? இழை போல் மெல்லிய கீறல் என்றும், துணியின் இழையோடு வந்த கீறல் என்றும் இரு வழியிலும் பொருந்தும். தச்சரின் இழைப்புளியில் உள்ள ‘இழைத்தல்’ என்னும் வினையும் உடன் நினைவுக்கு வரும். ஒரே ஓர் எச்சரிக்கை: 1920களில் டூக்கோ போன்ற நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூச்சுகள் வந்தன அல்லவா, அவை முதுமையில் தாமாகவே நுண்ணிய பிளவுகளாக வெடிக்கும். அதற்கு ‘மயிரிழை விரிசல்’ என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறோம். விரிசல் பூச்சுக்குள்ளிருந்து வருவது, கீறல் வெளியிலிருந்து வருவது என்ற வேறுபாட்டைக் கையேடு ஒரு வரியிலாவது சொல்லவேண்டும். விரிசலைத் தேய்த்துப் போக்க முயல்பவர் பூச்சையே இழப்பார்.

அன்புடன்,
குழு உறுப்பினர்

———

அம்மையீர், வணக்கம்.

தொடையை நான் எண்ணவே இல்லை. துடைகீறலைத் திரும்பப் பெறுகிறேன். ‘இழைக்கீறல்’ என்று வல்லினம் மிகுத்து எழுதினால் பெயர்த்தொகையாகவும், ‘இழைகீறல்’ என்று இயல்பாக எழுதினால் வினைத்தொகையாகவும் நிற்கும். முன்னதையே கொள்வோம், ஏனெனில் பின்னது வேண்டுமென்றே இழைத்த கீறல் போல ஒலிக்கிறது.

தேய்த்துப் போக்குவது பற்றித் தாங்கள் குறிப்பிட்டது இன்னொரு சொல்லுக்கு என்னைக் கொண்டுசெல்கிறது. இதைப் பெரிய இடராகவே கருதுகிறேன். பேச்சுவழக்கில் தேய்க்கும் பசைக்கும் காப்பு மெழுகுக்கும் சேர்த்து ‘பாலிஷ் போடுதல்’ என்கிறோம். நம் பழைய பட்டியலோ முன்னதற்கு ‘மெருகேற்றுதல்’ என்று தருகிறது. ஏற்றுதல் என்றதும் எதையோ கூட்டுவதாகத் தோன்றும், நடப்பது நேர்மாறு. கீறலின் அடிமட்டத்தை நெருங்கும்வரை சுற்றியுள்ள பூச்சு அரைத்து நீக்கப்படுகிறது. இன்றைய ஆலைப் பூச்சின் மொத்தத் தடிப்பே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). புதுப்பித்த காரிலோ தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் மிக மெல்லியதாக இருக்கும். நிறமற்ற மேற்பூச்சு இல்லாத ஓரடுக்குப் பூச்சானால், தேய்த்த துணியில் காரின் நிறமே ஒட்டிவரும். கண்ணில் படாத ஒரு மூலையில் சிறிது தேய்த்துப் பார்த்து அடுக்கை அறிந்துகொள்ளலாம் என்பதும் இதனால்தான்.

எனவே முன்னதற்குத் ‘தேய்மெருகு’ என்றும், கார்னோபா போன்ற மெழுகைப் பூசுவதற்கு ‘மெழுகுபூச்சு’ என்றும் பிரித்துக்கொள்ளலாம். மெருகிடல், மெழுகிடல் என்ற இணையும் என் பட்டியலில் இருந்தது. கேட்க அழகாக இருந்தாலும், ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால் ஒருவர் மெழுகு பூசவேண்டிய இடத்தில் ஆண்டுக்கு ஆறுமுறை தம் காரை அரைத்துக்கொண்டிருப்பார் என்பதால் நீக்கிவிட்டேன்.

‘கிளே பார்’ என்பதற்கு வந்த ‘களிமண்கட்டி’ இன்னும் எனக்கு உடன்பாடில்லை. இப்போது விற்கப்படுவது பெரும்பாலும் செயற்கைப் பிசின். அதன் வேலையும் பூச்சில் ஒட்டிப் பதிந்த மாசைப் பற்றி இழுப்பதே. கட்டி தரையில் விழுந்தால் மண்ணைப் பற்றிக்கொண்டுவிடும் என்பதால் எறிந்துவிட வேண்டும் என்ற குறிப்போடு, ‘பற்றுக்கட்டி’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் எவருக்கேனும் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
கையேட்டுத் தொகுப்பாளர்