கருத்தரிப்பு சிகிச்சைக்கு நடுவே போடாக்ஸும் ஃபில்லரும்: போடலாமா, தள்ளிப்போடலாமா?

வைகை:
என் தங்கைக்கு அடுத்த மாதம் ஐவிஎஃப் முறையில் கருவைக் கருப்பைக்குள் வைக்க நாள் குறித்திருக்கிறார்கள். புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்கு வழக்கமாகப் போடும் போடாக்ஸ் ஊசியை அதற்கு முன் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் தோல் மருத்துவர். கருத்தரிப்பு மருத்துவரோ வேண்டவே வேண்டாம் என்கிறார். கன்னத்தை நிரப்பிக் காட்டும் ஜெல் ஊசியான ஃபில்லர் போடும் எண்ணமும் அவளுக்கு இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

நெய்தல்:
போடாக்ஸைப் பொறுத்தவரை தோல் மருத்துவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புருவ நடுவில் போடப்படும் அளவு வெறும் 20 யூனிட். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்குப் போடுவது 155 யூனிட். போடாக்ஸ் என்பது தசையைத் தளர்த்தும் ஒரு நச்சுப்புரதம். அதன் மூலக்கூறு மிகப் பெரியது என்பதாலும், ஊசி இறங்கிய தசையின் நரம்பு முனைகளிலேயே பெரும்பாலும் தங்கிவிடுவதாலும், நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையை எட்டும் வாய்ப்பு குறைவு என்றே கருதப்படுகிறது. கெட்டுப்போன உணவில் இதே வகை நச்சு இருந்து, அதனால் பாட்டுலிசம் என்ற வாத நோய் கண்டு, மூச்சுக்கருவி வைக்கும் நிலைக்குப் போன கர்ப்பிணிகள்கூட அந்நோயின் அறிகுறி இல்லாத குழந்தைகளைப் பெற்றதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. போடாக்ஸ் பட்ட கர்ப்பங்களைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வில் குழந்தைகளின் பிறவிக் குறைபாடு 2.7 சதவீதம், பொதுவாகவே ஏறத்தாழ 3 சதவீதம் குழந்தைகளுக்கு அப்படி நேர்கிறது. அறியாமல் ஊசி போட்டபின் கர்ப்பம் உறுதியாகி, தூக்கமின்றித் தவிக்கும் பெண்களுக்கு இதைச் சொல்லாமல் வெறுமனே பயமுறுத்துவது பெரிய அநீதி.

முல்லை:
அந்த 2016 ஆய்வை நானும் படித்தேன். அது மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்தின் சொந்தப் பாதுகாப்புப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. பதிவான 574 கர்ப்பங்களில், முடிவு தெரிந்து கணக்கில் சேர்க்கப்பட்டவை 232 மட்டுமே. மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று? விலங்குகளில் அதிக அளவு செலுத்தியபோது குட்டிகளின் எடை குறைந்ததும், எலும்பு இறுகத் தாமதமானதும் மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. ஏற்கெனவே போட்டுக்கொண்டவருக்கு ஆறுதல் சொல்ல உங்கள் சான்று போதும், தோழி. இனிமேல் போடப்போகிறவருக்கு அனுமதி தர அது போதாது.

ஃபில்லர் இன்னும் கவலைக்குரியது. கருத்தரிப்பு சிகிச்சையில், ரத்தம் உறைவதைக் குறைக்க, பலருக்குச் சிறிய அளவு ஆஸ்பிரினும், சிலருக்கு வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசியும் உண்டு. அந்த நிலையில் கன்னத்தில் குத்தினால் ரத்தம் கட்டி நீலம் பாரிக்கும். அதற்காக மருத்துவரைக் கேட்காமல் ஹெப்பாரினை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அரிதாக ஜெல் ரத்தக்குழாயை அடைத்துவிட்டால், தோல் வெளுத்து, வலி எடுத்து, சில மணி நேரத்துக்குள் ஹையலுரோனிடேஸ் என்ற நொதி ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கரைக்க வேண்டியிருக்கும். கிருமித் தொற்று வந்தால், வழக்கமாகக் கைகொடுக்கும் டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கர்ப்பத்தில் தவிர்க்கவே பார்ப்பார்கள். கரு வைத்த பிறகு ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் இரண்டு வாரங்களில், தான் கர்ப்பிணியா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது. அந்த நாட்களில் இத்தனையையும் ஏன் இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டும்?

நெய்தல்:
ஃபில்லரில் உங்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் இந்த ஜெல்லில் இருக்கும் ஹையலுரோனிக் அமிலம் உடலுக்கு அந்நியமானதல்ல. கருவை வைக்கும்போது சில ஆய்வகங்கள் பயன்படுத்தும் திரவத்திலேயே அது இருக்கிறது. முட்டையைச் சுற்றியுள்ள செல்களை நீக்கவும் ஹையலுரோனிடேஸைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

முல்லை:
ஆய்வகத் தட்டில் உள்ள அமிலமும், கெட்டிப்பட வேதிப்பிணைப்பு ஏற்றி, மரத்துப்போக லிடோகெய்னும் கலந்து கன்னத்தில் ஏற்றும் ஜெல்லும் ஒன்றல்ல. கர்ப்பிணிகளிடம் ஃபில்லரின் பாதுகாப்பு நிறுவப்படவில்லை என்று தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். போடாக்ஸிலும் என் முடிவு அதுவே: ஒருமுறை ஏறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, அதன் விளைவு மூன்று, நான்கு மாதங்கள் நீடிக்கும்.

நெய்தல்:
நீடிப்பது தசையின் தளர்வுதான். அத்தனை மாதமும் நச்சு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பதில்லை. தலைவலியால் வேலைக்கே போக முடியாத பெண்ணின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தின் ஹல் நகரில் அப்படிப்பட்ட 32 பேர் கர்ப்பத்திலும் போடாக்ஸைத் தொடர்ந்தனர். ஒருவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது, மற்றவர்கள் நலமான குழந்தைகளைப் பெற்றனர். அவர்களிடம் "தள்ளிப்போடு" என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

முல்லை:
அவர்களிடம் நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். நரம்பியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து எடைபோட வேண்டிய முடிவு அது. வைகையின் தங்கைக்கு இருப்பது வலி அல்ல, கோடு. அது பிரசவம் முடியும்வரை காத்திருக்கும். நிறம் வெளுக்கப் போடும் குளூட்டதயோன் ஊசியை யாராவது இத்துடன் சேர்த்துப் பரிந்துரைத்தால் உடனே மறுத்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பயன்பாட்டுக்கு எதிராக அமெரிக்க, பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எச்சரித்திருக்கின்றன.

வைகை:
இருவருக்கும் நன்றி. இந்தச் சுற்றில் ஊசி எதுவும் வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லப்போகிறேன். இதுவரை போட்டவற்றின் பெயர், யூனிட், தேதி ஆகியவற்றை எழுதி, கருத்தரிப்பு மருத்துவரிடம் கொடுக்கவும் சொல்கிறேன். அவளாக இதுவரை ஒன்றும் அவரிடம் சொன்னதில்லை.

நெய்தல்:
கடைசியாகப் போட்டது எப்போது என்று மருத்துவர் கேட்டால் தயங்காமல் சொல்லட்டும். போனதைப் பற்றி அவள் பயப்படத் தேவையில்லை என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.