‘பெரிய வீடு, கானாடுகாத்தான்’ குழு: மீனா ஆச்சி சிங்கப்பூரில்

மீனா ஆச்சி (காலை 6:35): காத்திப் ரயில் நிலையத்தில் இறங்கி, விலங்குப் பூங்கா பஸ்ஸில் ஏறிவிட்டோம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை.

தேவகோட்டை அயித்தை (6:41): விடிந்தும் விடியாமல் எந்தப் பூங்கா திறந்திருக்கும்?

மீனா ஆச்சி (6:42): இங்கே மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது அயித்தை. நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

அப்பச்சி (6:50): மண்டாய்தானே? 1973இல் திறந்தார்கள். நான் அப்போது ஏழாவது படித்தேன். ஏறக்குறைய 64 ஏக்கர். தண்ணீர் பாட்டில் எடுத்தாயா?

மீனா ஆச்சி (8:05): எடுத்தேன் அப்பச்சி, பஸ்ஸிலேயே வைத்துவிட்டேன் 🤦
அதை விடுங்கள். தலைக்கு மேலே கயிற்றில் ஒரு ஒராங் உத்தான் போகிறது, இடுப்பில் குட்டி. நடுவில் வலையும் இல்லை, கம்பியும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் பாதம் தெரிகிறது, நம் கை மாதிரியே விரல்கள்.

தம்பி (8:07): கூண்டு இல்லையென்றால் ஓடிவிடாதா?

மீனா ஆச்சி (8:12): அதற்கு நீந்தத் தெரியாது. பல இடங்களில் தண்ணீர்ப் பள்ளம்தான் வேலி. விளிம்பில் செடி வைத்து மறைத்திருப்பதால் நமக்குப் பள்ளமே கண்ணில் படாது. சிங்கத்தைப் பார்த்ததும் சின்னவன் என் முந்தானைக்குள் போய்விட்டான். சிறுத்தை மாதிரி ஏறித் தாவுகிறவற்றுக்குக் கண்ணாடி.

தம்பி (8:20): அப்பத்தா சொல்லச் சொன்னார்கள்: “ஓராங் என்றால் ஆள், ஊத்தான் என்றால் காடு. காட்டு ஆள். உங்கள் அய்யா ஈப்போ கடையிலிருந்து வந்தபோது சொல்லிக்கொடுத்த மலாய். ஆள் என்று பெயர் வைத்துவிட்டு ஏன் கூண்டில் போட வேண்டும்?”

சித்தப்பா (8:21): அப்பத்தா 👏👏

அப்பச்சி (8:26): நம் கொள்ளுகுடிப்பட்டிப் பறவைகள் சரணாலயத்தில் கூண்டும் கிடையாது, பள்ளமும் கிடையாது. பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அவ்வளவுதான் வேலி.

மீனா ஆச்சி (8:55): இப்போது நீளமூக்குக் குரங்கு. போர்னியோ தீவில் மட்டும்தான் உண்டாம். ஆணுக்கு மூக்கு வாய்க்குக் கீழே தொங்குகிறது. இலையை வயிற்றிலேயே புளிக்க வைத்துச் செரிப்பதால் எப்போதும் தொப்பை. இனிப்பான பழம் தின்றால் வயிறு உப்பிவிடுமாம்.

சித்தப்பா (8:57): யாரைச் சொல்கிறாய் மீனா?

தேவகோட்டை அயித்தை (8:58): மூக்கு மட்டும் உன்னுடையது இல்லை 😂

தம்பி (9:10): யானைக்குக் காலில் சங்கிலி உண்டா என்று அப்பத்தா கேட்கிறார்கள்.

மீனா ஆச்சி (9:14): நாங்கள் பார்த்தபோது இல்லை. மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டு நின்றது.

தம்பி (9:16): தீ விபத்தில் இறந்துபோன குன்றக்குடி கோயில் யானை சுப்புலட்சுமி ஞாபகம் வந்துவிட்டது போல. பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

மீனா ஆச்சி (11:40): நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்கிறோம். பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு குரங்கு வந்தது, இது பூங்காவுடையது இல்லை. சின்னவன் தேன்குழல் டப்பாவைத் திறந்து ஒன்றை நீட்டினான். பின்னால் நின்ற ஒரு சீன ஆச்சி “நோ நோ” என்று கையைப் பிடித்துவிட்டார். இங்கே காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் அபராதம், முதல் தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை.

சித்தப்பா (11:43): அந்தச் சட்டம் பிள்ளையார்பட்டிக்கு வந்தால் ஊரே கடனாளிதான்.

தேவகோட்டை அயித்தை (11:44): தேன்குழல் என்ன ஆனது?

மீனா ஆச்சி (11:45): அந்த ஆச்சிக்கே கொடுத்துவிட்டோம். நான்கு சாப்பிட்டார்.

அப்பச்சி (11:52): ராத்திரிப் பூங்காவும் அங்கேதானே? 1994இல் வந்தது. உலகத்திலேயே அதுதான் முதல்.

மீனா ஆச்சி (11:54): என் கால் இனி எந்தப் பூங்காவுக்கும் வராது அப்பச்சி. பிள்ளைகள் பெஞ்சிலேயே தூங்கிவிட்டார்கள்.

தம்பி (12:03): அப்பத்தா: “டப்பாவை எடுத்துக்கொண்டாளா என்று கேள். அது ரங்கூன் டப்பா.”

மீனா ஆச்சி (12:04): மடியில்தான் இருக்கிறது அப்பத்தா. மூடியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.