கேட்டில் உட்கார்ந்ததற்கு மெமோ, என்ன பதில் எழுதுவது?

மன்னார்குடி பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பற்றிப் பேச ஒரு விவசாயியை அழைத்திருந்தோம், கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் ரத்து என்று வாயால் மட்டும் சொன்னார்கள். விஷயம் தெரியாமல் அவர் பஸ் பிடித்து வந்து, மஞ்சப்பையோடு கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்றார், எங்களுக்கு மனசு கேட்கவில்லை. 40 பேர் அங்கேயே உட்கார்ந்தோம், மைக் இல்லாமல் அரை மணி நேரம் பேசினார். கோஷம்கூடப் போடவில்லை.

இப்போது 6 பேருக்கு மட்டும் மெமோ. பெற்றோரோடு வந்து மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாதாம். துறைத் தலைவரைப் பார்த்தாச்சு, "எழுதிக் கொடுத்துட்டுப் போங்கப்பா" என்கிறார். முதல்வர் அறை வாசலில் இரண்டு நாள் நின்றோம். பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபால் போட்டு 12 நாள் ஆகிறது, பதில் இல்லை. அமைதியாகக் கூடும் உரிமை அரசமைப்பின் 19-ஆவது பிரிவில் இருக்கிறதே என்றால், கல்லூரி விதி என்கிறார்கள். அப்பா நடவில் இருக்கிறார், இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மன்னிப்பு என்ற வார்த்தை இல்லாமல், அனுமதிக் கடித நகலை இணைத்து விளக்கம் மட்டும் கொடுத்தால், ஹால் டிக்கெட்டை நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டா?