ஆங்கோர் வாட் நுழைவுச்சீட்டு: நாமே எடுப்பதா, ஏஜென்டிடம் விடுவதா?

செந்தூல் வாசி
ஆங்கோர் வாட் பார்க்கப் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கம்போடியாவின் சியாம் ரீப் போகிறோம். அம்மா, மாமியார், நாங்கள் இருவர், பத்து வயதுக்குள் இரண்டு பிள்ளைகள். இங்கே கோலாலம்பூரில் ஒரு ஏஜென்ட் கொடுத்த விலையில் 'கோயில் நுழைவுச்சீட்டு உட்பட' என்று மட்டும் போட்டிருக்கிறது. எத்தனை நாள் சீட்டு, தலைக்கு எவ்வளவு என்று தனியாக எழுதவில்லை. கேட்டால் "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்கிறார். சீட்டை மட்டும் நாமே எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம்
நீங்களே எடுங்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் சீட்டு 37 அமெரிக்க டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. 2017இல் ஏற்றிய விலை இது. விற்பது ஆங்கோர் எண்டர்பிரைஸ் என்ற அரசு நிறுவனம். அதன் இணையதளத்திலேயே முகப்படத்தை ஏற்றி, கார்டில் கட்டிவிடலாம். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சீட்டே தேவையில்லை, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். உங்கள் ஏஜென்ட் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்குகிறாரா என்று முதலில் கேளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்
தம்பி, எல்லா ஏஜென்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. நான் கோயில் குழுவோடு போனேன், பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கோயில் வாசலில் சீட்டு விற்பதில்லை. ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளித் தனிக் கட்டடம், அங்கே ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் நிற்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குச் சூரிய உதயம் பார்க்க வந்த கூட்டமெல்லாம் அங்கேதான் நிற்கிறது. எங்களைக் கைபிடித்துக் கூட்டிப் போய் முடித்துக் கொடுத்தவர் ஏஜென்டின் ஆள். அதற்கு அவர் பத்து இருபது வெள்ளி (ரிங்கிட்) கூட வைத்தால் அது அவர் உழைப்புக்கான கூலி.

ஆயர் ஈத்தாம்
கூலி வாங்கட்டும் அண்ணே, அதைக் காகிதத்தில் எழுதி வாங்கட்டும். என் கவலை பத்து இருபது வெள்ளி இல்லை. சீட்டு அவர் கையில் இருந்தால் நாளும் அவர் கையில்தான். 'உட்பட' என்று போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாள் சீட்டுதான் எடுக்கிறார்கள். காலையில் ஆங்கோர் வாட், அப்புறம் பாயோன், தா ப்ரோம் கோயில்கள், மதியச் சாப்பாடு, சாயங்காலம் ஒரு குன்று, முடிந்தது. என் அம்மாவை ஆங்கோர் வாட்டின் மேற்குப் பிரகாரத்தின் தென் பகுதியில் குருக்ஷேத்திரப் போர் செதுக்கிய சுவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரை அவரே கண்டுபிடித்து எனக்குக் காட்டினார். வடக்குப் பக்கம் இலங்கைப் போர்: பத்துத் தலை ராவணன், அனுமன் தோளில் ராமன். கிழக்கே போனால் பாற்கடல் கடையும் காட்சி, கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பாட்டிகளை அரை மணி நேரத்தில் "வேனுக்கு வாங்க" என்று கூப்பிட்டால் அது அநியாயம்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்
அந்த வெயிலில் மூன்று நாள் நடக்க முடியுமா என்பதையும் பாருங்கள். இரண்டாம் நாள் முட்டி வலி என்று ஹோட்டலில் படுத்துவிட்டால் ஆளுக்கு 25 டாலர் வீண். பணம் திரும்பக் கிடைக்காது. சீட்டில் முகம் இருப்பதால் வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

பிறை அக்கா
மூன்று நாளும் தொடர்ந்து போக வேண்டியதில்லையே அண்ணே. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். நடுவில் ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்று நாள் சீட்டு எடுக்க எனக்கு முக்கியக் காரணம் பந்தியாய் ஸ்ரே. 967இல் பிரதிஷ்டை செய்த சிவன் கோயில், மற்றக் கோயில்களிலிருந்து வெகு தூரம் வடக்கே தள்ளி இருப்பதால் ஒரு நாள் அட்டவணையில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சின்னக் கோயில், சிவந்த கல், மரத்தில் இழைத்ததுபோல் நுணுக்கம். அங்கே கோபுர வாசலுக்கு மேலே சிவன் ஆடுகிறார், காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அது காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். நம் அம்மையார் கம்போடியாவில் ஒரு கல்லில் இருக்கும்போது அதைப் பார்க்காமல் திரும்புவதா? இந்தக் கோயிலுக்கும் அதே சீட்டுதான், தனிக் கட்டணம் இல்லை.

சீட்டுக் கட்டடத்துக்கு விடியற்காலையில் போகாதீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாங்கினால் அது மறுநாளிலிருந்துதான் கணக்கு, அன்றைக்கே அஸ்தமனம் பார்க்கவும் விடுவார்கள். ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள், அதனால் நேரத்தோடு போய் நில்லுங்கள்.

பட்டர்வொர்த்
37 டாலர் என்றால் நம் காசுக்கு நூறு வெள்ளிக்கு மேல். இடிந்த கோயிலைப் பார்க்க இவ்வளவா? பக்கத்திலேயே கெடாவில், பழைய கோயில்கள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது.

பிறை அக்கா
பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கும் மெர்போக்குக்கும் போங்கள் தம்பி, கட்டாயம் போங்கள். ஆனால் ஆங்கோர் பல நூறு சதுர கிலோமீட்டர். அதைக் காட்டிலிருந்து மீட்டுக் காப்பதற்குச் செலவு உண்டு. ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர் அங்குள்ள கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. அந்தக் காசு எனக்கு உறுத்தவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்
சரி, பந்தியாய் ஸ்ரே உண்டு என்றால் மூன்று நாள் எடுக்கட்டும். ஆனால் முன்கூட்டியே இணையத்தில் கட்டுவதை நான் இப்போதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். தேடினால் மேலே வருவது இடைத்தரகர்களின் தளம், எது அரசுத் தளம் என்று எல்லாருக்கும் தெரியாது. ஆங்கோர் வாட்டுக்குச் சீட்டு தீர்ந்துபோகும் பேச்சே இல்லை, அப்புறம் என்ன அவசரம்? அங்கே போய், ஆட்கள் நலமாக இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அக்கா சொன்ன மாதிரி சாயங்காலம் வாங்குங்கள்.

ஆயர் ஈத்தாம்
கார்டும் கைப்பேசியும் பழகியவர்களுக்கு இணையம்தான் லேசு என்பது என் அனுபவம். ஏஜென்டிடம் விடாதவரை எனக்குச் சரி.

செந்தூல் வாசி
ஏஜென்டிடம் பேசிவிட்டேன். பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார், அதுவும் ஒரு நாள் சீட்டு. அதைக் கழித்துவிட்டு வேனும் ஹோட்டலும் மட்டும் கேட்டிருக்கிறேன். போய் இறங்கும் சாயங்காலமே நான்கு பேருக்கு மூன்று நாள் சீட்டு எடுப்போம். பிள்ளைகளை எல்லா இடத்துக்கும் விடுவார்களா?

ஆயர் ஈத்தாம்
ஆங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்கு மட்டும் 12 வயதுக்குக் கீழே விடமாட்டார்கள். நீங்களும் மனைவியும் மாற்றி மாற்றி ஏறுங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும், மேலே போர்த்திய துண்டை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அம்மாவுக்குப் புடவையே போதும், ஆனால் அந்தப் படி செங்குத்து. கீழே சுவர்ச் சிற்பங்களிலேயே அவருக்கு ஒரு காலை போய்விடும்.